வீடு தெரியணுமா, கணக்கு தெரியணுமா?

ரூபாய் நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா காந்தி தாத்தா தெரிவார் இல்லையா? 1996-ல மகாத்மா காந்தி வரிசை நோட்டு வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல அசோகத் தூண் இருந்துச்சு. அது மை இல்லை மக்களே. பேப்பர் செய்யும்போதே அதோட கனத்தைக் கூட்டிக் குறைச்சு வர்ற உருவம். அதனால மேல அச்சடிச்ச எழுத்தோட சண்டைக்கு வராது. வேர்டுல நாம போடுற வாட்டர்மார்க் அப்படியில்லை. அதுவும் மை, எழுத்தும் மை. ரெண்டுல ஒண்ணுதான் ஜெயிக்கும்.

போன மாசம் எங்க பங்காளிங்க படைப்பு முடிஞ்சு, வரவு செலவுக் கணக்கைப் புள்ளிக்கு ஒரு காப்பி போடணும்னு வேலை என் தலையில விழுந்துச்சு. (வெளியூர்க்காரங்களுக்கு: படைப்புன்னா முன்னோரைக் கும்பிடுறது. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி.) எட்டு வருசமா ஊருக்கு வராத சிங்கப்பூர் சித்தப்பாவுக்கு ஒரே ஆசை, கணக்குக்குப் பின்னால பெரிய வீட்டு முகப்பு தெரியணும். அப்பச்சி சொன்னது வேற. "எண்ணு தெரியணும்ப்பா. போன தடவையே ரெண்டு பேரு முணுமுணுத்தாக."

டிசைன் டேப்ல வாட்டர்மார்க், அதுல கஸ்டம் வாட்டர்மார்க் போய்ப் படத்தைக் கொடுத்தா, 'வாஷ்அவுட்'னு ஒரு டிக் இருக்கும். இது உண்மையில டிரான்ஸ்பரன்ஸியே கிடையாது. வெளிச்சத்தை ஏத்தி கான்ட்ராஸ்டை இறக்கிப் படத்தை வெளுக்க வைக்குது, அவ்வளவுதான். நடுவுல நிறுத்த வழியில்லை. (எழுத்து வாட்டர்மார்க்குக்கு 'செமிடிரான்ஸ்பரன்ட்'. அது வெள்ளி நிறத்துல பாதிக்குப் பாதி.)

அளவா வேணும்னா: பேஜோட மேல் ஓரத்துல டபுள் கிளிக் பண்ணி ஹெடருக்குள்ள போங்க. அங்கேயே ஒரு செவ்வகம் வரைஞ்சு, ஃபார்மட் ஷேப்ல ஃபில்லாப் படத்தைக் கொடுத்து, டிரான்ஸ்பரன்ஸி ஸ்லைடரை இழுங்க. அப்புறம் 'பிஹைண்ட் டெக்ஸ்ட்'. பழைய வேர்டு 2007-லயும் இது ஓடும். புதுசுல நேராப் படத்துக்கே டிரான்ஸ்பரன்ஸி பட்டன் வந்திருச்சு.

ஸ்க்ரீன்ல 70-லயே அழகா இருந்துச்சு. வில்லங்கம் பிரிண்டர்ல. கறுப்பு வெள்ளை லேசருக்குச் சாம்பல் கலர்னு ஒண்ணு தெரியாது, குட்டிக் குட்டிப் புள்ளியா வச்சுத்தான் சாம்பலைக் காட்டும். தமிழுக்கோ எழுத்துக்கு மேலயே புள்ளி. மெய்யப்பன்னு எழுதினா மூணு. முகப்புத் தூண் நிழல் மேல அந்தப் பேர் விழுந்தா, எது எழுத்தோட புள்ளி, எது பிரிண்டர் புள்ளின்னு கண்டுபிடிக்கவே முடியலை. இங்கிலீஷ்ல டாக்குமென்ட் போடுறவனுக்கு இந்தக் கஷ்டம் இந்த அளவுக்கு இருக்காது.

80 வயசு அய்யா ஒருத்தர்தான் என் டெஸ்டர். கண்ணாடி போடாம அவர் தன் பேரையும் தொகையையும் படிக்கணும். 70 ஃபெயில், 80 ஃபெயில். 88-ல தடங்கலில்லாம வாசிச்சார். "பின்னால என்ன படம் தெரியுது அய்யா?"ன்னு கேட்டேன். "படமா? காயிதம் லேசா அழுக்கா இருக்கு"ன்னார்.

அதையே ஃபைனல் பண்ணிட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் முகப்பை முழுக் கலர்ல தனியா மெயில் பண்ணியிருக்கேன். இன்னும் பதில் வரலை.