கடல் விட்டுச் சென்ற யன்னல்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரச் சாலையில் இடப்புறம் கடலும் வலப்புறம் வயலுமாக இருக்க, நடுவே ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். அவ்வழியே சாய்ந்தமருதில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். முற்றத்திலே, கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டியொன்று வெயிலிற் கிடந்தது. நண்பரின் வயது முதிர்ந்த தாயார் எமது வியப்பைக் கண்டுகொண்டார்.

“வெயில் அடுப்பு, மகன். இதுக்குக் காஸும் வேணாம், காசும் வேணாம்” என்றார்.

2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றதை நேயர்கள் மறந்திரார். அந்நாளில் அம்மையாரின் பேரன் செய்த பெட்டி இது. விலைகொடுத்து வாங்கியது கறுப்பு வர்ணம் மாத்திரமே. பழைய பலகையால் வெளிப்பெட்டி. எண்ணெய்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி உட்பெட்டி. சூடு வெளியேறாதிருக்க இரண்டுக்கும் இடையே நெல் உமி. உள்ளே கறுப்புப் பூசிய 10 லீற்றர்த் தகரம். மூடியோ ஒரு யன்னற் கதவு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து போனபின், கடலோரத்திலிருந்த அவர்களது வீட்டில் மிஞ்சியது அக்கதவொன்றே. அதில் உடையாதிருந்தது ஒரு கண்ணாடி. ஏனையவை பழைய அலுமாரியிற் கழற்றியவை.

இதன் தத்துவம் எளியது. கண்ணாடியை ஊடுருவும் ஒளி கறுப்பிற் பட்டுச் சூடாகிறது. அச்சூடு எளிதில் வெளியேற முடிவதில்லை. 1767இல் ஜெனீவா அறிஞர் சோசூர் இத்தகைய கண்ணாடிப் பெட்டிகளைச் செய்து ஆராய்ந்தார். 1891இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்துக் கெம்ப் என்பார், கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் தொட்டி வைத்து வெந்நீர்க் கருவியாகவே விற்றார். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் விழும் வெயிலின் வலு ஏறத்தாழ 1,000 வாற்று. பூமத்திய ரேகைக்கு அணித்தான எமது கரையில் பெட்டியைச் சற்றே சாய்த்து வைத்தாலே போதும்.

“இந்த நீரில்தான் குளிக்கிறீர்களா?” என்று வினவினோம். அம்மையார் தலையசைத்து மறுத்தார்.

முழங்கால் வலியால் வருந்தும் அவர் வெந்நீரிற் குளிக்கட்டும் என்றே பேரன் பெட்டியைச் செய்தான். ஆனால் வெப்பநாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரை, ஆறுமுன் உடம்பிற்குப் பயன்படுத்துவது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்பது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ள விதி. அம்மையார் சிறுவயதில் ஓதிக் கற்றது அது. இமாம் நவவி அவர்கள் அதனை வெறுக்கத்தக்கதாகக் கொள்ளவில்லை என்று பேரன் எடுத்துக் காட்டினான். மூதாட்டியார் இணங்கவில்லை.

துணி துவைக்க அந்நீரைப் பயன்படுத்துவதற்கு அவ்விதியிலும் தடையில்லை. ஆகவே துணி துவைக்கவும் சட்டி கழுவவும் பெட்டிநீர் என்றாயிற்று. அதனால் மிஞ்சும் விறகிலே அவருக்குக் குளிக்க வெந்நீர் வைக்கிறார்கள். தகரத்து நீரைக் குடிப்பதற்கு மட்டும் எவரும் எடுப்பதில்லை. மார்கழி மழையில் பெட்டிக்கு ஓய்வு. வெந்நீர் மிகத் தேவைப்படும் அந்நாளில் விறகே துணை.

நாம் விடைபெறும்போது அம்மையார் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கடற்காத்துல உப்புப் படியிது, மகன். துடைக்காட்டி வெயில் உள்ளுக்குப் போகாது” என்றார்.