காவல்காரன் எங்கே நிற்க வேண்டும்?

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஓர் அபாயம் உண்டு. நாள்தோறும் நாற்பது பேர் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதனால், நாம் சொல்வதெல்லாம் நமக்கு விளங்கியதே என்ற பிரமை நாளடைவில் நமக்கே உண்டாகிவிடுகிறது. நான் பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவன். ஓம் விதியை இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறேன். அந்த விதி எனக்கு விளங்கியது சென்ற மாதத்தில்தான் என்பதை நேயர்களிடம் ஒப்புக்கொள்ளவே இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னணுப் பயிற்சி நடக்கிறது. அதற்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மிளகளவே உள்ள சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, மின்தடையம் ஒன்று, கொஞ்சம் கம்பி, இவ்வளவுதான். தடையத்தின் மேல் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று வர்ணக் கோடுகள் இருக்கும். அது 470 ஓம் என்பதற்குச் சங்கேதம்.

பேட்டரி தள்ளுவது அழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். கம்பியில் செல்வது ஓட்டம். அதை ஆம்பியரில் அளக்கிறோம். வழிமறிப்பது தடை, அதன் அளவு ஓம். சிவப்பு விளக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 9 வோல்ட்டையும் நேராக அதற்குக் கொடுத்தால் ஒரு கணம் ஜொலித்துவிட்டுக் கருகிப்போகும். ஓட்டம் அளவு மீறாமல் காப்பதற்காகவே தடையத்தைச் சேர்க்கிறோம்.

அன்று ஒரு சிறுமி விளக்கை முதலில் வைத்து, தடையத்தை அதற்கு அப்பால், பேட்டரியின் எதிர்முனைப் பக்கமாக இணைத்திருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். "காவல்காரன் வாசலில் நிற்க வேண்டாமா, அம்மா? கொல்லைப்புறத்தில் நின்றால் திருடனைப் பிடிப்பது எப்படி?" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் ஹாஸ்யத்தில் எனக்கே பரம திருப்தி.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "விளக்கு எரிகிறதே, ஸார்!" என்றாள்.

"சற்று நேரத்தில் கருகிவிடும், பார்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து மணி அடித்தபோது அந்த விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தும் பாராதவன் போல் வெளியேறினேன்.

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து அதே சாமான்களை மேஜைமேல் பரப்பினேன். தடையத்தை விளக்குக்கு முன்னால் வைத்து, மீட்டரை நடுவே இணைத்து ஓட்டத்தை அளந்தேன். 15 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தடையத்தை விளக்குக்குப் பின்னால் மாற்றினேன், அதே அளவு. மீட்டரை விளக்குக்கு முன்பும் பின்பும் வைத்துப் பார்த்தேன், இம்மியும் மாறவில்லை. நாலாம் முறையும் அதே முள்ளாகக் குத்தியபோதுதான் என் மனத்தில் இருபது வருஷமாக ஒளிந்திருந்த பிழை வெளிப்பட்டது.

ஓட்டம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, வழியில் விளக்கு அதைத் தின்றுவிட, மிச்சம் வீடு திரும்புகிறது என்று என்னையறியாமலே நினைத்திருந்தேன். நாம் பேசுவதும் அப்படித்தானே? "கரண்டு செலவாகிறது" என்கிறோம். உண்மையில் ஓட்டம் செலவாவதில்லை. ஒரு பக்கம் பதினைந்து புகுந்து மறுபக்கம் பத்தே வெளிவந்தால், பாக்கி ஐந்து எங்கே போய்க் குவியும்? செலவாவது சக்தி. மின்சாரக் கட்டணத்தில் நாம் காணும் யூனிட்டும் சக்தியின் அளவே. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட்.

சைக்கிள் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். சங்கிலியின் கண்ணிகள் எங்கும் ஒரே வேகத்தில்தான் செல்லும். சக்கரம் அவற்றைத் தின்பதில்லை. காலின் உழைப்பை மட்டுமே பெற்றுக்கொள்கிறது. சங்கிலியை எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் முழுச் சங்கிலியும் மெதுவாகும். தடையமும் அப்படியே. வாசலில் நின்றாலும் கொல்லையில் நின்றாலும் அதன் காவல் ஒன்றுதான். போதாக்குறைக்கு, கம்பியில் நகரும் எலெக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குத்தான் செல்கின்றன. ஆகவே நான் வாசல் என்று காட்டியதுதான் கொல்லைப்புறம்!

நிற்க. இந்த விதியைக் கண்ட ஜார்ஜ் சைமன் ஓமும் நம்மைப் போல் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். பூட்டுத் தொழிலாளியின் மகன். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் போதித்தவர். தம் கையாலேயே கருவிகள் செய்து, கம்பிகளை மாற்றி மாற்றி அளந்து பார்த்தார். 1827-ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்துக்குச் சொந்த தேசத்தில் நல்ல வரவேற்பில்லை. லண்டன் ராயல் சொஸைட்டி 1841-ல் காப்லி பதக்கம் அளித்த பிறகே அவர் பெருமை பரவிற்று. அளந்து பார்த்தவரின் விதியை நான் அளந்து பார்க்காமலே ஒப்பித்து வந்திருக்கிறேன்!

நான் படித்த காலத்தில் இவையெல்லாம் இங்கிலீஷில் வந்தன. அந்த வார்த்தைகள் பரீட்சைக்குப் பயன்பட்டன, புத்தியில் ஒட்டவில்லை. அழுத்தம், ஓட்டம், தடை என்று தாய்மொழியில் சொல்லிப் பார்த்தபோது ஒவ்வொரு சொல்லும் தன் தொழிலைத் தானே சொல்லிற்று. ஆயினும் தமிழிலும் நெட்டுருப் போடலாம். கையால் இணைத்துப் பார்க்காத வரையில் எந்த மொழியும் நம்மைக் காப்பாற்றாது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும், "சனிக்கிழமை நான் சொன்னது தவறு. இவள் செய்ததுதான் சரி. சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். சொல்வதற்குள் தொண்டை அடைத்தது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் எழுந்து, "எனக்கும் ஏன் எரிகிறதென்று தெரியாது, ஸார்" என்றாள். பிறகு, "தடையத்துக்குப் பின்னால் ஒன்றுக்குப் பதில் இரண்டு விளக்கு வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

பழைய வாத்தியாராயிருந்தால் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். "கணக்குப் போடுவோம், பிறகு அளந்து பார்ப்போம்" என்றேன். இரண்டு விளக்குக்கு 4 வோல்ட் போக மீதி 5. அதை 470-ஆல் வகுத்தால் 11 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு விளக்கும் முன்னைவிடச் சற்று மங்கலாக எரிந்தன. மீட்டரை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் என்ன படிக்கப்போகிறாள் என்று நானும் பிள்ளைகளோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.