பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

தூத்துக்குடியில் சாலை போடுகிறவனுக்கு முதலில் கையில் கிடைப்பது பட்டாதாரர் பட்டியல். 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். பிறகு விசாரணை, இழப்பீடு. நிலக்காரர்கள் தாங்களாகவே தேடி வருவார்கள், வக்கீலோடும் வருவார்கள். துறைமுகம் தன் தேவையை லாரிக் கணக்கோடு எழுத்தில் அனுப்பிவிடும். என் கவலையெல்லாம் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றித்தான்.

முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் உழைக்கிறவர்களுக்கு அளம் சொந்தமில்லை. விடியுமுன்பே பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறுவார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் காலை 11 மணிக்குக் கருத்துக்கேட்பு என்றால் அந்த அலுப்போடு யார் பஸ் ஏறுவார்? அவர்கள் டீக்கடையில் உட்காரும் நேரம் பார்த்து நாம்தான் போக வேண்டும். மீனவ ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்று கடலுக்குப் போகமாட்டார்கள்; பூசை முடிந்ததும் ஊர்க் கமிட்டியோடு பெண்களும் இருப்பார்கள். மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நடக்கிறவர்கள் அவர்கள். நடுவே தடுப்புச் சுவர் வந்தால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

பேச்சு சீக்கிரமே தண்ணீருக்கு வந்துவிடும். "ரோடு எவ்வளவு அகலம்னாலும் போடுங்க சார். கார்த்திகைல வெள்ளம் எந்தப் பக்கமாப் போவும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். சமதரையான இந்தக் கரையோரத்தில் சாலைக்காக உயர்த்தும் மண், தண்ணீருக்கு அணை. "நீங்களே காட்டுங்க அண்ணாச்சி" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். அவர் காட்டிய ஓடை எங்கள் அளவைப் படத்தில் இல்லை. அந்த இடத்தில் குழாய் போதாது, பெட்டிச் சிறுபாலம்தான் வேண்டும் என்பது பார்த்ததும் புரிந்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அவ்வளவு வெள்ளத்தை எந்தச் சிறுபாலமும் முழுதாகக் கடத்தியிருக்காது, உண்மைதான். அதற்காக ஊராரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

வேலை தொடங்கியபின் சிறுபாலம் ஒன்றைக் கூட்டினால் செலவு ஏறும், ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார், மேலிடத்து ஒப்புதலுக்கு மாதங்கள் ஓடும். இழப்பீட்டுப் பேச்சு ஆரம்பித்துவிட்டாலோ தண்ணீர் யார் காதிலும் ஏறாது. அதனால் ஓடையை முதலிலும் ரூபாயைப் பிறகும் பேசுவேன். பேசியதை அங்கேயே எழுதி, உரக்க வாசித்து, கையெழுத்து வாங்கி, நகலை ஊராரிடம் கொடுப்பேன். நான் மாற்றலாகிப் போனாலும், அடுத்து வரும் பொறியாளரிடம் அந்தத் தாளை நீட்டி அவர்கள் கேட்கலாம்.