இரண்டாவது மாத்திரை எழுதுமுன்

நரம்பியல் படிக்க வரும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் பார்க்கின்சன் என்றதும் லெவோடோபா எழுதத் தெரிகிறது. அதோடு எதைச் சேர்ப்பது என்னும்போதுதான் பேனா நிற்கிறது. நான் அதை என் பேராசிரியரின் பக்கத்தில் நின்று கற்றேன். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றுவார். மறு கையை மூடித் திறக்கச் சொல்வார். அதுவரை பிடிபடாத இறுக்கம் அப்போது அவர் விரலில் தட்டும். பிறகு கேட்பார்: "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க?" பதில் தெரியாமல் சீட்டில் ஒரு வரி எழுத மாட்டார்.

கார்பிடோபாவோடு கொடுத்தாலும் லெவோடோபா ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது. நோயின் தொடக்கத்தில் அது உறைக்காது. சில வருடம் போனால், "அடுத்த வேளைக்கு முன்னாடியே மருந்து இறங்கிடுது டாக்டர்" என்று வந்து நிற்பார்கள்.

அப்படித்தான் ஒரு பெரியவருக்கு மதியமானால் கால் நகர மறுத்தது. பயிற்சி மருத்துவர் பிரமிபெக்சோல் சேர்க்கத் தயாராகிவிட்டார். பெரியவரின் மனைவி காலண்டர் தாள்களின் பின்பக்கம் வேளைவாரியாக எழுதி வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தோம். மதிய மாத்திரை, பருப்பும் முட்டையும் சாப்பிட்ட பிறகு! புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலில் முண்டியடிப்பவை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். புது மருந்து தேவைப்படவில்லை.

தேவைப்படுகிறவர்களும் உண்டு. எண்டகபோன் 200 மி.கி. தனியாகப் பயன்படாது, லெவோடோபாவோடுதான் போக வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். உடம்பு நெளிய ஆரம்பித்தால் லெவோடோபாவைக் குறைத்துப் பாருங்கள். நெளிவு அடங்காவிட்டால் அமாண்டடின், காலையிலும் மதியத்திலும். இரவில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். பிரமிபெக்சோல் எழுதியவருக்கு அடுத்த முறை வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சூதாட்டம், கடன், கண்டதை வாங்கிக் குவிப்பது பற்றிக் கேளுங்கள். நோயாளி தானாகச் சொல்வது அபூர்வம். முதியவர்களுக்கு டிரைஹெக்சிபெனிடில் எழுத எனக்கு மனம் வராது. நடுக்கம் குறையும், புத்தி குழம்பும்.

ஒரு சமயத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றுங்கள். ராசாகிலின் சேர்ப்பதாக இருந்தால், வீட்டிலிருக்கும் இருமல் சிரப்பையும் வலி மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோ டிரமடாலோ அதில் இருந்தால் ராசாகிலினோடு சேரக் கூடாது.