குடும்பத்தில் தொடரும் நோய் சாபமா?



பாட்டிக்கு மார்பகத்தில், பெரியம்மாவுக்குச் சினைப்பையில், இப்பொழுது தாய்க்கும் புற்றுநோய் என்று ஒரே வீட்டில் தொடருமானால், நம் பகுதியில் இரண்டு விளக்கங்கள் உடனே எழும்புகின்றன. பட்டாசு மருந்தில் கைவைத்ததன் விளைவு என்பர் சிலர். அக்குடும்பத்தின்மேல் தலைமுறைச் சாபம் உண்டு என்பர் வேறு சிலர். முதலாவதை மருத்துவர்கள் ஆராயட்டும். இரண்டாவதைக் குறித்துப் போதகன் மௌனமாயிருக்கலாகாது. பிரசங்க பீடங்களிலிருந்தும் அது பரவியிருக்கிறதே!

எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பெற்றோரின் குற்றத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் பழமொழியை இனி வழங்கவே வேண்டாம் என்று தேவன் தடுக்கிறார். யோவான் 9-இல், பிறவிக் குருடனைக் கண்டு பாவக்கணக்குப் பார்த்த சீஷரை ஆண்டவர் திருத்துகிறார்.

அப்படியானால் தலைமுறையாக வருவது எது? நம் ஒவ்வொருவருக்கும் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்கள் உண்டு. உயிரணுக்களில் நேரும் சேதத்தைச் செப்பனிடுவது அவற்றின் வேலை. பொதுவாக 100 பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்கே வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. முதல் மரபணு பழுதுடன் பிறந்தவர்களிலோ 100-க்கு 40 பேர் அளவிலும், இரண்டாவது பழுதானவர்களில் 17 பேர் அளவிலும் வருகிறது. பழுதுள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பன் வழியாகவும் வரும். ஆகையால் அத்தையின் நோயையும் கணக்கில் கொள்ளவேண்டும். சொந்தத்தில் பெண் எடுக்கும் நம்மிடையே இருவழியும் ஒரே வீட்டில் சந்திப்பதும் உண்டு.

இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கும் நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. எனவே பழுது உறுதியானவர்கள், பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ளும்படி மருத்துவர்கள் ஆலோசனை கூறுகிறார்கள். அதனால் ஆபத்து ஏறக்குறைய 80 சதவீதம் குறைகிறது. மாதவிடாய் உடனே நின்றுபோகும். எலும்பு நலிவு போன்ற தொல்லைகளும் வரலாம். எளிய முடிவன்று. விசுவாசக் குறைவுமன்று.

2021 பிப்ரவரி 12 அன்று நம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாண்டோரை ஊரறியப் பெயர்சொல்லி அழுதோம். படுக்கையில் மாண்ட சித்தியின் நோயை மட்டும் மறைக்கிறோம். வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாதாம்! அந்த மகளுக்கே அல்லவா அந்தச் செய்தி முதலில் தேவை? மேலும், மரபணுப் பரிசோதனையை நோயுற்றவருக்கே முதலில் செய்வது உத்தமம். அவர் மறைந்தபின் விடை காண்பது கடினமாகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரிலிருந்தே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. அங்கும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் மரபணு ஆலோசனை பெறலாம்.

பல வீடுகளில் குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் மரணமும் எழுதப்பட்டிருக்கும். இவ்வாரம் பெரியவர்களிடம் விசாரித்து, மரணத்தின் எதிரே நோயின் பெயரையும், அது கண்ட வயதையும் எழுதிவையுங்கள். அத்தாளை மருத்துவரிடம் கொண்டுபோகத் தயங்குகிறவர்களோடு கூடவர நானும் என் மனைவியும் ஆயத்தமாயிருக்கிறோம்.