மணியுடன் காற்றாடிமலைக்கு

மழைநாளொன்றில் மார்த்தாண்டம் சந்தையருகே நடுங்கி நின்ற நாயொன்றைப் பிள்ளைகள் இல்லத்திற்குத் தூக்கி வந்தனர். கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ‘மணி’ எனப் பெயரிட்டோம். அதன் பின்னங்காலில் ஆறிய தழும்பொன்று இருந்தது. வண்டியின் ஓசை கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடும்.

நாங்களோ, புனித தேவசகாயம் பிறந்த நட்டாலத்திலிருந்து அவர் உயிரீந்த காற்றாடிமலை வரை திருப்பயணம் செல்ல எண்ணியிருந்தோம். பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றி, மெத்தையும் சிறு அடுப்பும் வைத்து, உறங்கவும் சமைக்கவும் இடம் செய்திருந்தோம். மணியை என்ன செய்வது? “விட்டுச் செல்லுங்கள்” என்றனர் அயலார். தோபியாவும் இரபேல் வானதூதரும் வழிநடந்தபோது அவர்களோடு ஒரு நாயும் சென்றதாக மறைநூல் கூறுவதை இளைய மகள் நினைவூட்டினாள். வழக்கு அத்துடன் முடிந்தது.

ஆனால், புறப்படும் நாளில் நாங்கள் பெரும் பிழை செய்தோம். நேரமாகிறதே என்று கழுத்துக் கயிற்றைப் பற்றி இழுத்தோம். மணி குரைக்கவில்லை, கடிக்கவுமில்லை. தரையோடு ஒட்டிப் படுத்து, நின்ற இடத்திலேயே நீர் விட்டது. அந்தக் கண்களைக் கண்டதும் எங்கள் கை தளர்ந்தது. பயணத்தைத் தள்ளிவைத்தோம்.

முதல் வாரம் வேனின் கதவைத் திறந்துவைத்து, உள்ளேயே அதற்குச் சோறு வைத்தோம். அடுத்த வாரம் எஞ்சினை மட்டும் இயக்கினோம். பின்னர் குழித்துறைப் பாலம் வரை சென்று திரும்பினோம். மூன்றாம் வாரம், வாந்தி வராதிருக்க வெறும் வயிற்றோடு ஏற்றி, எங்கள் மணம் படிந்த பழைய சாரத்தை விரித்து, கழுத்துக் கயிற்றுக்குப் பதிலாக மார்பு வார் பூட்டிப் புறப்பட்டோம்.

நட்டாலத்தில் செபித்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம். காற்றாடிமலை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவே. எங்களுக்கோ இரண்டு நாட்கள் ஆயின. லாரியின் ஊதொலி கேட்கும்போதெல்லாம் நிறுத்தினோம். புலியூர்க்குறிச்சியில், புனிதரின் வேண்டுதலால் நீர் சுரந்ததாக மக்கள் போற்றும் முட்டிடிச்சான்பாறையை வணங்கினோம். வேனருகே சிரட்டையில் வைத்த நீரை மணி முதன்முறையாக எங்கள் முன்னிலையில் குடித்தது. கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் புனிதரின் கல்லறையைத் தரிசிக்க முறைவைத்துச் சென்றோம். வெயிலில் மூடிய வண்டிக்குள் அதனைத் தனியே விடலாகாது.

இதே நாட்டில்தான் தேவசகாயத்தை விலங்கிட்டு, எருமைமேல் ஏற்றி ஊரூராக இழுத்துச் சென்றனர். 1752 ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். திருத்தந்தை பிரான்சிசு 2022 மே 15-ஆம் நாள் அவரைப் புனிதராக அறிவித்தார். மறைச்சாட்சியின் பாடுகளோடு ஒரு நாயின் அச்சத்தை ஒப்பிடுதல் தகாது. எனினும், கயிற்றை இழுத்த எங்கள் கையை அந்த மலையடிவாரத்தில் எண்ணி நாணினோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று அன்று மாலை பலமாக வீசிற்று. மணி காதுகளை மடக்கிற்று. ஓடப்போகிறதென அஞ்சினோம், வாரைப் பிடித்திருந்தோமேயன்றி இழுக்கவில்லை. அது எங்களைச் சிறிது நேரம் பார்த்தது; பின் தானாகவே வேனில் ஏறி, சாரத்தின்மேல் படுத்துக்கொண்டது.

தேவசகாயம் என்பது லாசர் என்னும் திருமுழுக்குப் பெயரின் தமிழாக்கம். லூக்கா நற்செய்தியில் வேறொரு லாசரைக் காண்கிறோம். செல்வனின் வாயிலில் கிடந்த அந்த ஏழையின் புண்களை நக்க வந்தவை நாய்களே என்கிறார் நற்செய்தியாளர். எளியோனை அண்டிவந்த அந்த உயிர் நம் வாயிலிலும் நடுங்கி நிற்கலாம். அன்பர்களே, கதவைத் திறப்பது நம் கடமை. உள்ளே வரும் வேளையை அது தேர்ந்துகொள்ளட்டும். அச்சமுற்ற பிள்ளையிடமும் முதியவரிடமும் நாம் காட்ட வேண்டிய பொறுமையும் இதுவன்றோ!