மடிப்புக்குள் ஒளிந்த பூஜ்யம்

காகித விண்ணப்பத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. கவுன்டரில் இருக்கும் குமாஸ்தா எரிந்து விழுவார். சிவப்பு மையில் வட்டம் போட்டு, முகத்தில் விட்டெறியாத குறையாகத் திருப்பித் தருவார். ஆனால் எந்தக் கட்டத்தில் தப்பு என்பது நமக்குத் தெரிந்துவிடும். வெப்சைட் விண்ணப்பங்கள் மரியாதையானவை. எரிந்து விழுவதில்லை. சில சமயம் வாயே திறப்பதில்லை.

தில்லியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பிகார் குடும்பம். அந்த வீட்டுப் பெண் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்கு மொபைலோடு வந்து நின்றாள். "எல்லாம் நிரப்பிவிட்டேன் அங்கிள். சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை." இரண்டு நாளாக இதே கதை. சைபர் கஃபேக்கு இரண்டு முறை பணம் அழுதாயிற்று. "நெட் சரியில்லை, நள்ளிரவுக்கு மேல் முயன்று பார்" என்றார்களாம். கெடு முடிவதே நள்ளிரவில்தான்.

இப்படிப்பட்ட படிவங்களுக்கு புரோகிராம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அவள் கணக்கை என் லேப்டாப்பில் திறந்தோம். சொந்த விவரம், குடும்பம், படிப்பு, வங்கிக் கணக்கு, உறுதிமொழி என்று ஐந்து மடிப்புகள். ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. புரோகிராமர்களுக்கென்று பிரவுசரில் தனியே ஒரு ஜன்னல் உண்டு. அதில் சிவப்பில் ஒரு வரி: தவறுள்ள ஒரு கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோக முடியவில்லை. கூடவே கட்டத்தின் பெயர்.

வங்கி மடிப்பைத் திறந்தோம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அவள் அங்கே ஆங்கில 'ஓ' அடித்திருந்தாள். திருத்தியதும் விண்ணப்ப எண் வந்துவிட்டது. "இதை அதுவே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

சொல்லத்தான் முயன்றது. 2014இல் தரமாக அங்கீகரிக்கப்பட்ட எச்டிஎம்எல்5, கட்டங்களைச் சரிபார்க்கும் வேலையை பிரவுசரிடமே ஒப்படைத்தது. தவறு இருந்தால் பிரவுசர் படிவத்தை நிறுத்திவிட்டு, கர்சரை அந்தக் கட்டத்தில் வைத்து, பக்கத்திலேயே காரணம் சொல்லும். கட்டம் மூடிய மடிப்புக்குள் இருந்தால் கர்சரை வைக்க இடமில்லை. ஆகவே படிவம் நின்றுபோகும், காரணம் மட்டும் வராது. அந்தச் சிவப்பு வரி புரோகிராமருக்குத்தான், விண்ணப்பிப்பவருக்கல்ல.

இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. ஜேகுவரி வேலிடேஷன் என்ற பிரபலமான சரிபார்ப்பு நிரல், நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மறைந்திருக்கும் கட்டங்களைப் பார்க்காமலே விட்டுவிடும். மூடிய மடிப்பில் என்ன தப்பிருந்தாலும் படிவம் கிளம்பிவிடும். சர்வரிலும் சோதனை இல்லையென்றால், பணம் வராதபோதுதான் விஷயம் தெரியும்.

மருந்து கசப்பானதல்ல. தவறு தென்பட்டால் முதலில் அந்த மடிப்பைத் திற. பிறகு கர்சரை அனுப்பு. ஒவ்வொரு மடிப்பின் தலைப்பிலும் எத்தனை தவறு என்று எழுது. சிவப்பு நிறம் மட்டும் போதாது. பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். தவறு எது என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகள் 2008லேயே சொல்லிவிட்டன. இன்னொன்று: மூடியிருப்பது வேறு, தேவையில்லாதது வேறு. மணமாகாதவருக்குக் கணவர் விவரம் தேவையில்லை. அந்தக் கட்டங்களை மறைத்தால் போதாது, செயலிழக்கச் செய்ய வேண்டும். அப்போது பிரவுசர் அவற்றைச் சோதிக்காது.

மடிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறுபது கட்டங்களை மொபைலில் மொத்தமாகக் கொட்டினால் யாரும் மிரண்டுதான் போவார்கள். ஆனால் ஆபீஸில் புதிய படிவம் வந்தால் நான் செய்யும் முதல் காரியம், வேண்டுமென்றே ஒரு தப்பைப் போட்டு, அந்த மடிப்பை மூடிவிட்டு, சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்துவது. அரை நிமிஷ வேலை. மாடியில் ஒரு புரோகிராமர் குடியிருக்கும் அதிர்ஷ்டம் எல்லா மாணவிகளுக்கும் வாய்ப்பதில்லை.